பதில் வேண்டாம், இறக்கையை ஆட்டுங்கள்

விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் நகரில் இருக்கும் விட்மன் விமான நிலையம், வருடத்தின் பெரும்பாலான நாட்களில் அமைதியான இடம். ஜூலைக் கடைசியில்தான் நிலைமை தலைகீழாகும். எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்ற சங்கம் 1970-ல் தன் ஆண்டு விழாவை இங்கே கொண்டுவந்தது. அதற்காகச் சொந்த விமானம் வைத்திருப்பவர்கள் அமெரிக்காவின் எல்லா மூலைகளிலிருந்தும் பறந்து வருகிறார்கள். 2023-ல் ஜூலை 20 முதல் 30 வரையிலான 11 நாட்களில் மட்டும் இங்கே 21,883 முறை விமானங்கள் ஏறியும் இறங்கியும் இருக்கின்றன. நிலையம் திறந்திருந்த நேரத்தை வைத்துக் கணக்கிட்டால் மணிக்குச் சுமார் 148, அதாவது 24 வினாடிக்கு ஒன்று.

இந்த விமானங்களை ஓட்டி வருகிறவர்களில் பலர் விமான நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் இல்லை. பல் மருத்துவரோ விவசாயியோ, தனியார் பைலட் உரிமம் வாங்கி ஓய்வு நாளில் பறப்பவர்கள். இவர்களை ஓடுபாதைக்கு ஒருவர் பின் ஒருவராகக் கொண்டுவந்து சேர்க்கும் முறை, நான் அறிந்த போக்குவரத்து ஏற்பாடுகளிலேயே மிக அழகானது. காரணம், அதில் நவீனக் கருவி என்று பெரிதாக எதுவும் இல்லை.

முதலில் எங்கே நெரிசல் ஏற்படுகிறது என்று பார்க்க வேண்டும். வானத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் ரேடியோவில்தான். கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள ஒரு சாதாரண விமான நிலையத்துக்குப் போகும் பைலட், தான் யார், எங்கே இருக்கிறேன், என்ன வேண்டும் என்று சொல்வார். விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலர் கட்டளை தருவார். பைலட் அதைத் திருப்பிச் சொல்வார். எவ்வளவு வேகமாகப் பேசினாலும் 15 வினாடி போய்விடும். விமான ரேடியோவில் ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இரண்டு பேர் ஒன்றாகப் பொத்தானை அழுத்தினால் இரண்டு அலைகளும் கலந்து, கேட்பவர் காதில் கீச்சென்ற சத்தம்தான் விழும். 24 வினாடிக்கு ஒரு விமானம் வரும் இடத்தில் இந்த உரையாடலுக்கு நேரமே கிடையாது. எனவே ஆஷ்காஷ் வந்த முடிவு இது: பைலட் பேசவே வேண்டாம்.

பேசாமல் எப்படி வழிநடத்துவது? எல்லாரையும் ஒரே கோட்டில் கட்டிவிடுகிறார்கள். தென்மேற்கில் ரிப்பன் என்றொரு சிற்றூர். (நம் சென்னை ரிப்பன் மாளிகைக்குப் பெயர் தந்த பிரபுவின் பட்டமும், இந்த ஊரின் பெயரும் இங்கிலாந்தின் அதே ரிப்பன் நகரத்திலிருந்து வந்தவை.) அங்கிருந்து ரயில் தண்டவாளத்துக்கு நேர் மேலே பறந்து ஃபிஸ்க் என்ற இடத்துக்கு வர வேண்டும். வேகம் 90 நாட், அதாவது மணிக்கு 167 கிலோமீட்டர். உயரம் கடல் மட்டத்திலிருந்து 1,800 அடி, தரையிலிருந்து ஏறக்குறைய 1,000 அடி. முன்னால் போகும் விமானத்துக்கும் உங்களுக்கும் அரை மைல் இடைவெளி. 90 நாட் வேகத்தில் மெதுவாகப் பறக்க முடியாத விமானங்களுக்கு 2,300 அடியில், 135 நாட் வேகத்தில் இன்னொரு வரிசை.

ஏன் வேகத்தில் இத்தனை பிடிவாதம்? ஒரு சின்னக் கணக்குப் போடலாம். எல்லாரும் 90-ல் போனால் அரை மைல் அரை மைலாகவே இருக்கும், யாரும் யாரையும் சரிசெய்ய வேண்டியதில்லை. ஒருவர் மட்டும் பத்து நாட் குறைத்து 80-ல் போகிறார் என்று வையுங்கள். பின்னால் வருபவர் மூன்றே நிமிடத்தில் அவர் வாலைத் தொட்டுவிடுவார். ரிப்பனிலிருந்து ஃபிஸ்க் ஆறு நிமிடத்துக்குச் சற்று அதிகமான தூரம். பாதி வழியிலேயே வரிசை உடைந்துபோகும். அதனால் முந்துவதும், பக்கத்தில் சேர்ந்து பறப்பதும், நேரம் கடத்த வளைந்து வளைந்து போவதும் இங்கே கூடாது. வரிசை சரியில்லை என்றால் விலகி, திரும்ப ரிப்பனுக்கே போய் வால் பிடிக்க வேண்டும்.

ஃபிஸ்கில் கன்ட்ரோலர்கள் தரையில், வெட்டவெளியில் இருந்துகொண்டு, பைனாகுலரால் அண்ணாந்து பார்க்கிறார்கள். வருகிற விமானத்தின் பெயரோ எண்ணோ அவர்களுக்குத் தேவையில்லை. “நீல நிற உயர் இறக்கை விமானம், இறக்கையை ஆட்டுங்கள்” என்பார்கள். (உயர் இறக்கை என்றால் இறக்கை விமான உடலின் மேல் பக்கத்தில் இருப்பது.) நீங்கள் இடமும் வலமும் ஒருமுறை சாய்த்துக் காட்டினால் போதும், அதுவே “கேட்டது, புரிந்தது” என்ற பதில். உடனே எந்தப் பாதை, எந்த அலைவரிசை என்று சொல்லி அனுப்பிவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார்கள். ஒருவரைத் தண்டவாளத்தோடும் அடுத்தவரை ஃபிஸ்க் சாலையோடும் மாற்றி மாற்றி அனுப்பினால், ஒரே வரிசை இரண்டாகப் பிரிந்து ஒவ்வொன்றிலும் இடைவெளி இரட்டிப்பாகிவிடும்.

அப்புறம் ஓடுபாதை. பெரிய பாதையின் நீளம் 8,002 அடி, கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோமீட்டர். செஸ்னா 172 போன்ற ஒரு சிறு விமானம் தரை தொட்டபின் 200 மீட்டருக்குள் நின்றுவிடக்கூடியது. ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் இந்த நீளம் முழுவதையும் கொடுப்பது வீண். அதனால் பாதையில் பெரிய வண்ண வட்டங்கள் வரைந்திருக்கிறார்கள். முன்னால் வருபவருக்குத் தூரத்து வட்டம், பின்னால் வருபவருக்குக் கிட்டத்து வட்டம். அமெரிக்க விமானத் துறை இந்த விழாவுக்கென்று இடைவெளி விதிகளில் விலக்குக் கொடுத்திருப்பதால், ஒரே பாதையில் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று விமானங்கள் உருண்டுகொண்டிருக்கும்.

சொன்ன வட்டத்தில் இறங்குவது எப்படி? முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மேலும் போகாமல் கீழும் போகாமல் ஒரே இடத்தில் நிற்கிற புள்ளி எதுவோ, விமானம் அங்கேதான் போய்ச் சேரும். வட்டம் கண்ணாடியில் மேலே ஏறினால் அதற்கு முன்பே தரை தொடப்போகிறீர்கள். கீழே நழுவினால் தாண்டிவிடுவீர்கள். பயிற்சியின் ஆரம்ப நாட்களிலேயே கற்றுத்தரும் பாடம்தான், இங்கே அது உயிர்நாடி.

ஆபத்தும் இந்தக் கடைசி நிமிடத்தில்தான். கண் முன்னால் போகும் விமானத்தின் மேல், காது ரேடியோவின் மேல், மனம் பச்சை வட்டத்தின் மேல். வேகமுள்ளைப் பார்க்க மறந்துபோகும். இறக்கையின் மேல் ஒட்டி ஓடும் காற்று பிரிந்து, தூக்குவிசை சரிந்துபோவதை ஸ்டால் என்கிறோம். நேராகப் பறக்கையில் 50 நாட்டில் ஸ்டால் ஆகும் விமானம், உயரம் குறையாமல் 45 பாகை சாய்ந்து திரும்பும்போது 60 நாட்டிலேயே ஆகிவிடும், 60 பாகை சாய்ந்தால் 71 நாட்டில். சாயும்போது தூக்குவிசையின் ஒரு பகுதி விமானத்தைத் திருப்புவதற்குப் போய்விடுகிறது. மிச்சத்தை வைத்து எடையைத் தாங்க இறக்கை கூடுதலாக உழைக்க வேண்டும். அதனால் இறுக்கித் திருப்ப வேண்டிய நிலை வந்தால், எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து மேலே ஏறிவிடுவதுதான் சரி. வட்டம் தவறிப்போனால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

இறங்கியதும் பாதையை விட்டு உடனே புல்லுக்கு விலக வேண்டும், பின்னால் ஆள் வந்துகொண்டிருக்கிறார். இங்கேயும் ரேடியோ தேவைப்படாது. கூடாரம் போட வந்தீர்களா, நிறுத்த மட்டுமா என்பதைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி முன்கண்ணாடியில் வைத்துவிடுங்கள். தன்னார்வலர்கள் அதைப் படித்துக் கையசைத்துப் புல்வெளியில் வரிசை வரிசையாக அழைத்துப் போவார்கள். எஞ்சினை அணைத்து, தரையில் முளை அடித்து, காற்றில் அசையாதபடி இறக்கைகளைக் கயிற்றால் கட்டி, அந்த இறக்கையின் நிழலிலேயே கூடாரம் போடலாம். தலைக்கு மேலே இன்னொரு விமானம் பாதைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும்.