ஆட்டோமேட்டிக் கியரை மாற்றி அமைத்தால் ஆர்.சி. என்ன ஆகும்?

பண்ணாரி தாண்டித் திம்பம் மலைப்பாதையில் ஏறும்போதுதான் ஆட்டோமேட்டிக் கார்க்காரர்களுக்கு இந்த யோசனை வரும். மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவு. வளைவில் ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டி தானாக மேல் கியருக்குப் போய்விடும். வளைந்து நிமிர்ந்து மிதித்தால், கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கீழ் கியருக்கு வரும். அதற்குள் பின்னால் வருகிற லாரிக்காரர் ஹாரனை அழுத்தத் தொடங்கியிருப்பார். கோபியில் இருக்கும் என் சித்தப்பா மகன் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாங்கிய மறு வாரமே கேட்டான்: "ஏனுங்ணா, கியர் சட்டுனு விழற மாதிரி, நம்ம கையிலயே மாத்திக்கற மாதிரி பண்ணிக்க முடியாதுங்களா? சட்டப்படி தப்புங்களா?"

முடியுமா என்ற கேள்வியைக் கோயம்புத்தூரில் கேட்பதே வீண். கணபதியிலும் பீளமேட்டிலும் லேத் வைத்திருப்பவரிடம் எதைக் கொண்டு போனாலும் "பண்ணிரலாங்க" என்றுதான் பதில் வரும். சட்டப்படி என்ன என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன், உள்ளே எதை மாற்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது.

என்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக்கில் கியரை மாற்றுவது ஆயில் அழுத்தம். வால்வு பாடி என்ற அலுமினிய வார்ப்புக்குள் எறும்புப் புற்றுபோல ஆயில் ஓடும் வழிகள் இருக்கும். எந்தக் கிளட்ச் தட்டுகளுக்கு எப்போது அழுத்தம் போக வேண்டும் என்பதை அங்கே இருக்கும் வால்வுகளும் சோலனாய்டு என்ற மின்காந்த வால்வுகளும் முடிவு செய்கின்றன. கியர் விழுவது நமக்குத் தெரியக்கூடாது என்பதற்காகக் கம்பெனி அந்த அழுத்தத்தை மெதுவாக ஏற வைக்கிறது. ஸ்ப்ரிங்கை மாற்றி, துளையைச் சற்றுப் பெரிதாக்கி அழுத்தத்தை வேகமாக ஏற வைத்தால் கியர் 'டக்'கென்று விழும். ஷிஃப்ட் கிட் என்று விற்பது இதைத்தான். இன்றைய வண்டிகளில் இதே வேலையைக் கம்ப்யூட்டர் மென்பொருளைத் திருத்தியும் செய்கிறார்கள். அளவோடு இறுக்கினால் கிளட்ச் தட்டுகள் வழுக்கித் தேய்வது குறையும் என்பது உண்மைதான். அளவு மீறினால் அந்த அடி முழுவதும் என்ஜின் மவுண்டிங்கிலும் டிரைவ் ஷாஃப்டிலும் போய் இறங்கும்.

எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் இது பொருந்தாது. பெல்ட்டும் கப்பியும் கொண்ட சிவிடியில் படிப்படியான கியரே கிடையாது. ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் நமக்குப் பதிலாக ஒரு மோட்டாரோ ஹைட்ராலிக் அமைப்போ இயக்குகிறது, அவ்வளவுதான். 2014-ல் மாருதி செலேரியோவோடு நம் ஊருக்கு வந்து பரவியது இந்த வகை. உங்கள் வண்டி இந்த இரண்டில் ஒன்று என்றால் ஷிஃப்ட் கிட் பேச்சுக்கே இடமில்லை.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுதான் இதற்கு அடிப்படை. பதிவுச் சான்றில் (ஆர்.சி.) உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது.

பதிவுச் சான்றில் என்னென்ன இருக்கிறது? வண்டியின் வகை, பாடி வகை, சேஸிஸ் எண், என்ஜின் எண், சிலிண்டர் எண்ணிக்கை, சிசி, எரிபொருள், இருக்கை, எடை, நிறம், தயாரிப்பாளர் கொடுத்த மாடல் பெயர். கியர்பாக்ஸுக்கென்று தனிக் கட்டம் கிடையாது. "அப்படின்னா தாராளமா மாத்தலாங்களா?" என்று தம்பி துள்ளினான். கொஞ்சம் பொறுக்க வேண்டும். மாடல் பெயரிலேயே பல கம்பெனிகள் ஆட்டோமேட்டிக்கைக் குறிக்கும் எழுத்துகளைச் சேர்த்துவிடுகின்றன. கியர்பாக்ஸை அப்படியே கழற்றி மேனுவல் கியர்பாக்ஸை மாட்டினால் சான்றில் உள்ள மாடல் ஒன்று, ரோட்டில் ஓடுவது வேறொன்று. அதோடு, ஒவ்வொரு மாடலும் என்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் சேர்ந்துதான் சோதிக்கப்பட்டு, புகை அளவுக்கும் சேர்த்து ஒப்புதல் பெற்று விற்பனைக்கு வருகிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியில் மென்பொருளைத் தொட்டால், கியரோடு சேர்த்து புகைக் கணக்கையும் தொட்டுவிட வாய்ப்பு உண்டு.

வால்வு பாடிக்குள் ஒரு ஸ்ப்ரிங் மாற்றியதைப் பிரேக் இன்ஸ்பெக்டர் கண்டுபிடிப்பாரா என்றால், மாட்டார். என் கணிப்பில், அந்த அளவு வேலையால் சான்றில் எந்த வரியும் மாறுவதும் இல்லை. ஆனால் கியர்பாக்ஸையே மாற்றுவதையும் மென்பொருளைத் திருத்துவதையும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

தண்டனை என்ன? 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத முறையில் பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இது வண்டி உரிமையாளர் மேல் பாய்வது. வேலை செய்து கொடுத்த பட்டறைக்காரரைத் தேடாது. காற்று மாசு அளவை மீறினால் 190-வது பிரிவு தனி. அதில் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் லைசென்ஸ் தடையும் இருக்கின்றன. கடனில் வாங்கிய வண்டி என்றால் இன்னொன்றும் உண்டு: கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் எதையும் மாற்றாதீர்கள்.

உண்மையில் கை சுடுவது போலீஸிடம் அல்ல, இன்சூரன்ஸில். மாற்றத்தைக் கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டு, பின்னால் விபத்து நடந்தால், சர்வேயர் வண்டியைப் பிரித்துப் பார்க்கும் நேரத்தில் சொந்தச் சேதத்துக்கான இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு ஒரு காரணம் தயாராக இருக்கும். வாரண்டியும் அதேபோல்தான். மாற்றி அமைத்தாலும் வாரண்டி போகாது என்று ஒரு வரி 2019 திருத்தத்தில் இருப்பதைச் சிலர் எடுத்துக் காட்டுவார்கள். அது மத்திய அரசு விதி வகுத்து அனுமதித்த மாற்றங்களுக்கு மட்டும். ஷிஃப்ட் கிட் அந்தப் பட்டியலில் இல்லை.

"நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரியையே மாத்தறாங்களே?" என்பது அடுத்த கேள்வி. நல்ல கேள்விதான். அங்கே நடப்பது பெரும்பாலும் பதிவுக்கு முன்னால் நடக்கும் வேலை. கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸ், தயாரிப்பாளர் சான்றான 22ஏ படிவத்தோடு வருகிறது. பாடி கட்டியபிறகு, கட்டியவரும் சான்று கொடுத்து, அப்புறம்தான் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவு. அதனால் ஆர்.சி.யில் ஏறுவதே கட்டி முடித்த வண்டியின் விவரம். பதிவான காரைப் பிரிப்பதோடு இதை ஒப்பிட முடியாது. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் கியர் 'டக் டக்'கென்று விழ ஓடும் பந்தயக் கார்களும் அப்படித்தான். அவை டிராக்குக்கு டிரெய்லரில் ஏறிப் போகின்றன. அவினாசி ரோட்டில் ஓட்டிக்கொண்டு போவதில்லை.

இவ்வளவு தடைக்கும் நடுவே, சட்டம் வாசலை அகலத் திறந்து வைத்திருக்கும் ஓர் இடம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான தகவமைத்த வாகனம். இதைப் பற்றி நம் பக்கம் பேசுபவர்கள் குறைவு. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

52-வது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, மாற்றுத்திறனாளி ஒருவரின் பயன்பாட்டுக்காகச் சொந்த வண்டியை மாற்றிக்கொண்டு, பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பின்னர் பெறலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அந்த வண்டி அவருக்காக மட்டுமே ஓட வேண்டும். இடது கால் மட்டும் செயல்படாதவர் என்றால் ஆட்டோமேட்டிக் கார் ஒன்றே போதும், பெரும்பாலும் எதையும் மாற்ற வேண்டாம். வலது கால் என்றால் ஆக்சிலேட்டரை இடது பக்கம் கொண்டுவர வேண்டும். இரண்டு காலும் என்றால் பிரேக்கும் ஆக்சிலேட்டரும் கையால் இயக்கும் லீவருக்கு மாறும். ஏற்கெனவே மேனுவல் கார் வைத்திருப்பவர் அதை விற்க வேண்டியதில்லை. கியர் நாபில் உள்ள சுவிட்சைத் தொட்டால் கிளட்ச் விடுபடும் அமைப்பைப் பொருத்திக்கொள்ளலாம். ஆட்டோமேட்டிக்கை மேனுவலாக்க நாம் தவிக்கிறோம், இங்கே வேலை நேர் எதிராக நடக்கிறது.

வேலை முடிந்த 14 நாளுக்குள் உங்கள் பகுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மாற்றத்தைத் தெரிவித்து, ஆர்.சி.யைக் கொடுத்து, கட்டணம் கட்டி, அதில் பதிவு செய்ய வேண்டும். ஈரோட்டுக்காரர் கோயம்புத்தூர் பட்டறையில் வேலை செய்தாலும் போக வேண்டியது ஈரோடு அலுவலகம்தான். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மருத்துவச் சான்று, பட்டறை பில் எல்லாம் கையில் இருக்கட்டும். பின்னர் ஒப்புதல் என்று சட்டம் சொன்னாலும், வேலையைத் தொடங்கும் முன்பே ஒரு நடை போய் ஆய்வாளரிடம் காட்டிவிடுங்கள். செய்த வேலையைப் பிரித்து மறுபடி செய்வது பெரிய செலவு.

லைசென்ஸும் உண்டு. தகவமைத்த வாகனத்தை மட்டும் ஓட்டலாம் என்ற வரையறையோடு பழகுநர் உரிமம் கொடுக்க 8-வது பிரிவு இடம் தருகிறது. உடல் குறையைக் காரணம் காட்டி முகப்பிலேயே யாராவது திருப்பி அனுப்பினால் இந்தப் பிரிவைச் சொல்லிக் கேளுங்கள். சாதாரண ஆட்டோமேட்டிக் காருக்குத் தனி லைசென்ஸ் வகை இல்லை, மேனுவல் ஓட்டுபவருக்கும் அதே இலகு ரக உரிமம்தான்.

2020 அக்டோபரில் வாகனப் பதிவு விண்ணப்பமான 20-ஆம் படிவத்தைத் திருத்தி, உரிமையாளர் வகையில் 'திவ்யாங்ஜன்' (மாற்றுத்திறனாளி) என்று பதியும் வசதியும் வந்தது. சலுகை கேட்கும் இடங்களில் இந்தப் பதிவு கைகொடுக்கும், புது வண்டி பதியும்போதே கேட்டுப் போடுங்கள். மாற்றுத்திறனாளிக்கென்று தனியாக வடிவமைத்துக் கட்டிய வண்டிக்குத் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் சுங்க விலக்கு இருக்கிறது. விஜயமங்கலம், வைகுந்தம் சுங்கச்சாவடிகளும் அதில் அடங்கும். அதற்கு விலக்கு வகை ஃபாஸ்டேக் தனியாக வாங்க வேண்டும். முன்பு நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறு காருக்கு இவர்கள் மட்டும் 18 சதவீத ஜிஎஸ்டி கட்டினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறு கார்களுக்கு எல்லோருக்குமே 18 சதவீதம் ஆகிவிட்டதால் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. பழைய கணக்கைக் காட்டி "சான்று வாங்கித் தருகிறேன்" என்று காசு கேட்கும் தரகரை நம்ப வேண்டாம்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவன் வண்டியைத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். அவர் கிட் பற்றிப் பேசவே இல்லை, கியர் ஆயிலை எடுத்துத் துணியில் தொட்டுக் காட்டினார். கரிக்கட்டை நிறம். முந்தைய உரிமையாளர் ஒரு தடவைகூட மாற்றவில்லைபோல. கம்பெனி சொன்ன அதே ரக ஆயில் மாற்றி, சர்வீஸ் சென்டரில் கியர்பாக்ஸ் கணினியைப் புதிதாகப் பழக வைத்ததும் பாதி இழுவை போய்விட்டது. கம்பெனி செய்யும் இந்த வேலைக்கு யாரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. மீதிப் பாதிக்கு லீவரிலேயே வழி இருந்தது: டி-க்குப் பக்கத்தில் ஓர் எம். அதில் தள்ளிவிட்டால் இரண்டாம் கியரிலேயே வளைவுகளைப் பிடிக்கலாம். இறங்கும்போதும் அதே கியரில் விட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சுடாது. வாங்கி ஒரு வாரம் ஓட்டியும் அவன் அந்த எழுத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை.

இப்போது பண்ணாரியில் வண்டியை நிறுத்தி, அம்மனைக் கும்பிட்டுவிட்டு, எம்-முக்குத் தள்ளித்தான் திம்பம் ஏறுகிறானாம்.