வாசல் வழியே தெரு: நடந்து போகிறவரைப் படத்துக்குள் நிறுத்தும் கணக்கு

கும்பகோணத்திலோ மாயவரத்திலோ பழைய ஓட்டு வீடு ஒன்றின் கூடத்தில் நின்றுகொண்டு வாசலைப் பாருங்கள். நடுவில் ரேழி என்ற நடை, ஒரே இருட்டு. அதன் முனையில் தேக்கு நிலை, அதற்கு அப்பால் திண்ணைத் தூண், அதற்கும் அப்பால் வெயில் கொளுத்தும் தெரு. நிலைக்குள் தெரு ஒரு செவ்வகமாகத் தெரிகிறது, அதில் யார் யாரோ வருகிறார்கள், மறைகிறார்கள். தெருப் புகைப்படம் எடுக்கிறவர்களுக்கு இதைப் பார்த்ததும் கை பரபரக்கும். ஏன் என்று கேட்டால் ஃப்ரேமுக்குள் ஃப்ரேம், அழகாக வரும் என்பார்கள். அழகு சரி. ஆனால் அந்த நிலை உங்களுக்கு நேரத்தையும் அளந்து கொடுக்கிறது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசிக் கேட்டதில்லை, எனக்கோ அதுதான் இதில் பெரிய விஷயமாகப் படுகிறது.

முதலில் கண். டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைகளின் மூளையை ஆராய்ந்தபோது, பார்வைப் புறணியில் (மூளையில் பார்வையைக் கவனிக்கும் மேலடுக்கில்) இருக்கும் பல நரம்பணுக்கள் வெறும் வெளிச்சத்துக்கு அவ்வளவாக அசைவதில்லை, குறிப்பிட்ட சாய்வில் இருக்கும் கோடுகளுக்கும் ஓரங்களுக்கும்தான் துடிக்கின்றன என்று கண்டார்கள். 1981ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஓரம்தான் மூளைக்கு முதல் தீனி. ஆனால் ஓரத்தைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அந்த ஓரம் யாருடையது என்றும் மூளை தீர்மானித்தாக வேண்டும். ஒரு பக்கம் பார்த்தால் குவளை, இன்னொரு பக்கம் பார்த்தால் எதிரெதிராக இரண்டு முகங்கள் என்று தெரியும் படத்தைப் பள்ளிப் பாடத்திலாவது பார்த்திருப்பீர்கள். எட்கர் ரூபின் 1915ல் அதை வைத்து எழுப்பிய கேள்வி இதுதான். குரங்குகளின் பார்வைப் புறணியில், ஓரம் எந்தப் பக்கத்துப் பொருளுக்குச் சொந்தம் என்பதைப் பொறுத்து வேறு வேறாகத் துடிக்கும் அணுக்கள் இருப்பதை 2000ஆம் ஆண்டில் ருடிகர் ஃபான் டெர் ஹைட்டின் குழு காட்டியது.

கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் நின்று யாரையாவது படமெடுத்துப் பாருங்கள், இந்தத் தீர்மானம் எவ்வளவு கஷ்டம் என்று புரியும். அவர் தோளுக்குப் பின்னால் பித்தளைக் குடம், தலைக்குப் பின்னால் கடைப் பலகை, காதை ஒட்டி மின்கம்பி. எந்த ஓரம் அவருடையது, எது குடத்துடையது? நேரில் இரண்டு கண்ணும் அசைவும் உதவுவதால் குழப்பம் வராது. படத்தில் அந்த இரண்டும் கிடையாது. நிலைவாசல் இங்கே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது. நிலையின் ஓரம் நிலைக்குச் சொந்தம், அது முன்னால் இருக்கிறது, தெரு அதற்குப் பின்னால் தொடர்ந்து போகிறது என்று மூளை சட்டென்று முடிவு கட்டிவிடுகிறது. தட்டைப் படத்தில் ஆழம் வருவது இப்படித்தான்.

இதிலிருந்தே ஒரு நடைமுறை விஷயமும் கிடைக்கிறது. நடந்து போகிறவரின் முழங்கையோ மூக்கோ நிலைக்காலை அப்படியே தொட்டுக்கொண்டு நின்றால் படம் கெட்டுவிடும். அந்த ஓரம் கையுடையதா மரத்துடையதா என்று தெரியாமல் ஆளை மரத்தில் ஒட்டி வைத்த மாதிரி ஆகிவிடுகிறது. நிலைக்கால் அவரைப் பாதியாக வெட்டினால்கூடப் பரவாயில்லை, அப்போது மரம் முன்னால், ஆள் பின்னால் என்பது தெளிவு. தெளிவான இடைவெளி, இல்லாவிட்டால் தெளிவான வெட்டு. இரண்டுக்கும் நடுவே வேண்டாம்.

அடுத்தது வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள், நடுப்பகல் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ் இருக்கும். ரேழிக்குள் சில நூறு லக்ஸ் இருந்தாலே அதிகம். அதாவது வாசற்படிக்கு உள்ளேயும் வெளியேயும் பல நூறு மடங்கு வித்தியாசம். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு இதெல்லாம் தெரியாது, பார்ப்பதெல்லாம் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்றுதான் அது வைத்துக்கொள்கிறது. படத்தில் முக்கால்வாசி இருட்டுச் சுவர் என்றால், சுவரைச் சாம்பலாக்குவதற்காக எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் வெளிச்சத்தை, ஏற்றிவிடும், தெரு வெளுத்துப் போகும், ஆளின் முகம் வெள்ளைக்குள் கரைந்துவிடும். ஆகவே தெருவை மட்டும் அளவெடுங்கள். ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங் இருந்தால் அது, இல்லையென்றால் எக்ஸ்போஷரை இரண்டு ஸ்டாப்போ (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதி) அதற்கு மேலோ குறைப்பது. வெயிலில் நிற்பவருக்கு ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 400, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப் 8 என்றால் ஷட்டர் 1/1600 நொடி அளவுக்கு வரும். ரேழி கறுப்பாகிவிடுமே என்று கவலைப்பட வேண்டாம், கறுப்பாகட்டும். இருளால் சூழப்பட்ட வெளிச்சம் இருப்பதைவிடப் பிரகாசமாகக் கண்ணுக்குப் படும், பார்வை நேராக அங்கேதான் போகும்.

செல்போனில் எடுக்கிறவர்கள் இங்கே கொஞ்சம் போராட வேண்டியிருக்கும். எச்டிஆர் வசதி பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்கி இருட்டையும் தூக்கிக் காட்டப் பார்க்கும். அதற்குள் நடந்து போகிறவர் நகர்ந்துவிட்டால் சில சமயம் கால் இரண்டாகத் தெரியும். முடிந்தால் அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் திரையில் தெருவின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டிவிட்டு வெளிச்சத்தைக் கீழே இழுங்கள்.

இப்போது அந்தக் கணக்கு. நிலை 6 அடி உயரம், 3 அடி அகலம் என்று வைத்துக்கொள்வோம். திண்ணையையும் வாசலையும் தாண்டி, நிலையிலிருந்து 12 அடி தள்ளித் தெருவில் ஒருவர் நடந்து போகிறார், உயரம் ஐந்தரை அடி. நீங்கள் நிலைக்கு 6 அடி பின்னால், ரேழியில் நிற்கிறீர்கள். உங்களுக்கும் நிலைக்கும் 6 அடி, உங்களுக்கும் அவருக்கும் 18 அடி. தூரம் மூன்று மடங்கு என்பதால் நிலையோடு ஒப்பிட்டால் அவர் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறார். வாசல் உயரத்தில் முப்பது சதவீதம்தான் இருப்பார், மேலே நிறைய வெறும் வானமும் எதிர்வீட்டுக் கூரையும். ஆள் சின்னதாக இருக்கிறாரே என்று ஜூம் செய்கிறீர்கள். ஒரு பயனும் இல்லை, ஆளும் பெரிதாவார், வாசலும் அதே அளவு பெரிதாகும். இரண்டுக்கும் இடையிலான விகிதத்தை லென்ஸ் மாற்றாது, நீங்கள் நிற்கும் இடம்தான் மாற்றும்.

இப்போது பின்னால் நடங்கள். கூடம் வரைக்கும் போய், நிலையிலிருந்து 24 அடியில் நில்லுங்கள். அவருக்கும் உங்களுக்கும் 36 அடி. விகிதம் மூன்றில் இரண்டு. இப்போது அவர் வாசல் உயரத்தில் அறுபது சதவீதத்துக்குமேல் நிறைந்துவிட்டார். பின்னால் போகப் போக ஆள் பெரிதாகிறார்! முதல் தடவை கேட்கும்போது நம்ப முடியாது, ஆனால் கணக்கு அதுதான். ரேழி நீளமான வீடுகளில் தெருவில் போகிறவர் வாசலுக்கென்றே அளவெடுத்த மாதிரி தெரிவதன் ரகசியம் அந்த நீளம்தான்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. 6 அடியில் நின்றபோது 3 அடி வாசல் வழியாகத் தெருவில் 9 அடி தெரிந்தது. 24 அடியில் நிற்கும்போது 4.5 அடிதான் தெரிகிறது. சாதாரணமாக நடக்கிறவர் நொடிக்குச் சுமார் நாலரை அடி போவார். முதல் இடத்தில் உங்களுக்கு இரண்டு நொடி இருந்தது, இரண்டாவது இடத்தில் ஒரே நொடி. ஆள் எத்தனை மடங்கு பெரிதாகிறாரோ அத்தனை மடங்கு நேரம் குறைகிறது, கொஞ்சம்கூடத் தப்பாமல். அளவையும் நேரத்தையும் பெருக்கினால் எங்கே நின்றாலும் ஒரே விடைதான். எங்கே நிற்பது என்று முடிவெடுப்பது உண்மையில் இந்த இரண்டையும் எப்படிப் பங்கு போடுவது என்று முடிவெடுப்பதுதான்.

அந்த ஒரு நொடியும் முழுசாக உங்களுடையது இல்லை. காலை அகட்டி நடக்கும்போது ஒருவர் இரண்டரை அடி இடம் எடுத்துக்கொள்கிறார், ஆகவே இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு அவர் முழுதாக வாசலுக்குள் இருப்பது அரை நொடிக்கும் குறைவு. அதற்குள் இன்னொரு விஷயமும் நடக்கிறது. நடையில் நாம் நிமிடத்துக்கு 110 தடவை போலக் கால் எடுத்து வைக்கிறோம், அதாவது அரை நொடிக்குக் கொஞ்சம் மேலே ஒரு எட்டு. ஒவ்வொரு எட்டிலும் ஒரு கணம் கால்கள் இரண்டும் அகன்று கூடாரம் போல நிற்கும், இன்னொரு கணம் ஒரு காலை மற்றது மறைத்து ஆள் வெறும் தூணாகிவிடுவார். முகமும் சட்டையும் தெரியாத நிழலுருவத்தில் நடக்கிறார் என்பதைச் சொல்வது அந்தக் கால் இடைவெளி மட்டும்தான். 24 அடியிலிருந்து பார்த்தால் அந்த நல்ல கணம் வாசலுக்குள் ஒரே ஒரு தடவை வரும், சில ஆட்களுக்கு அதுவும் வராது. சைக்கிள் என்றால் இன்னும் மோசம். 6 அடி நீள சைக்கிள் 4.5 அடிக்குள் எப்போதும் முழுதாக அடங்காது. சைக்கிள்காரர் வேண்டுமென்றால் முன்னால் வரத்தான் வேண்டும்.

கண்ணால் பார்த்து, விரலுக்குச் செய்தி போய், அழுத்தக் கால் நொடி ஆகிறது. அதற்குள் அவர் ஒரு அடிக்குமேல் நகர்ந்திருப்பார். சரியான கணத்தைப் பார்த்து அழுத்தினால் தவறான கணம்தான் கிடைக்கும். முன்னதாகவே அழுத்த வேண்டும், அதற்கு ஆள் வருவது முன்னதாகத் தெரிய வேண்டும். இதற்குத் தெருவே உதவுகிறது. தெருவுக்கு நெடுக வெயில் விழும் காலையிலும் மாலையிலும், சூரியனுக்கு முதுகு காட்டி வருகிறவரின் நிழல் அவருக்கு முன்னால் வாசலுக்குள் நுழைந்துவிடும். செருப்புச் சத்தம், பால்கேன் மோதும் சத்தம், கீரைக்காரம்மாவின் குரல் எல்லாமே முன்னறிவிப்பு. நிழலை வைத்து எட்டுகளை எண்ணிக்கொண்டு அழுத்துங்கள். ஷட்டர் 1/500 நொடியோ அதைவிட வேகமாகவோ இருக்கட்டும். 1/125 என்றால் அந்த நேரத்துக்குள் உடம்பே ஒரு சென்டிமீட்டருக்குமேல் நகர்ந்துவிடும், வீசும் பாதம் அதைவிட இரண்டு மடங்குக்குமேல்.

ஃபோகஸும் முன்கூட்டியே. 35 மி.மீ. லென்ஸில் எஃப் 8 வைத்து 5 மீட்டரில் ஃபோகஸைப் பூட்டினால் இரண்டரை மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக இருக்கும். அப்புறம் அதைத் தொடவே வேண்டாம்.

இடத்தை முதலில் பிடித்துவிட்டு ஆளுக்காகக் காத்திருப்பது பழைய முறைதான். ஆன்ரி கார்த்தியே பிரெசோன் 1932ல் பிரான்ஸின் இயேர் ஊரில் எடுத்த படத்தில் வளைந்து இறங்கும் படிக்கட்டும் கைப்பிடிக் கம்பியும் அப்படியே நிற்க, கீழே சைக்கிள்காரர் ஒருவர் கலங்கிய கோடாகக் கடந்து போகிறார். கட்டடம் கூர்மை, ஆள் கலங்கல். நம் நாட்டு ரகுபீர் சிங் அம்பாசடர் காரின் கதவையும் கண்ணாடியையுமே சட்டகமாக வைத்து இந்தியாவை வண்ணத்தில் எடுத்தார். அந்தச் சட்டகத்தை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோக முடிந்தது.

ரேழி இருட்டில் நிற்கிறவருக்குத் தெரு தெரியும், தெருவில் போகிறவருக்கு அவர் தெரியமாட்டார். கட்டடம் நமக்குக் கொடுக்கும் இந்தச் சலுகையை நான் நியாயமானதாக நினைக்கவில்லை, அதனால் எடுத்து முடித்ததும் திண்ணைக்கு வந்துவிடுவேன். கும்பகோணத்தில் ஒரு வீட்டுப் பாட்டி என் வேலையை எளிதாக்கினார். "தெருவுல போறவங்களயா எடுக்கறே தம்பி? அவங்களுக்குத் தெரியுமா?" என்றார். "இனிமேதான் பாட்டி காட்டணும்" என்றேன். அவரே குரல் கொடுத்துவிட்டார்: "இந்தா பூக்காரம்மா, இந்தத் தம்பி ஒன்னப் படம் புடிச்சிருக்கு, வந்து பாத்துட்டுப் போ." கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்த்த அந்த அம்மாவுக்கு முகமே தெரியாத கறுப்பு உருவம் முதலில் பிடிபடவில்லை, கூடையின் சாய்வைப் பார்த்துத்தான் தன்னைக் கண்டுபிடித்தார், பிறகு மகன் போனுக்கு அனுப்பச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே அழித்திருப்பேன்.

பொது இடத்தில் படமெடுப்பதை மொத்தமாகத் தடுக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆனால் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017ல் தீர்ப்பளித்துவிட்டது, அந்தரங்கமான நிலையில் இருக்கும் பெண்ணைப் படமெடுப்பது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் குற்றம். மகாமகக் குளத்தைச் சுற்றியிருக்கும் 16 மண்டபங்களின் தூண்களும் அருமையான சட்டகங்கள், 2028ல் அடுத்த மகாமகம் வரும்போது அங்கே கேமராக்கள் குவியும். குளிக்கிறவர்களை அந்தத் தூண்களுக்கு நடுவே வைத்து எடுக்காதீர்கள். படியேறிப் போகிறவர்கள், ஈரத் துணியை உதறி விரிக்கிறவர்கள் என்று எடுக்க எவ்வளவோ இருக்கிறது. கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது, ஆகவே வாசலில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டே உள்ளே போங்கள்.

சூரியன் எந்தப் பக்கம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கிழக்கு பார்த்தது. கேரளாந்தகன் வாயில், ராஜராஜன் வாயில் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால் சட்டகத்துக்குள் சட்டகம் தானாக அமைகிறது. காலையில் உள்ளிருந்து கிழக்கே பார்த்தால் வருகிறவர்கள் எதிர்வெளிச்சத்தில் நிழலுருவமாக வருவார்கள். வெளியே நின்று மேற்கே பார்த்தால் அதே நேரத்தில் வாயிலின் கல்லெல்லாம் வெளிச்சமாக இருக்கும், சட்டகம் இருண்டிருக்காது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசி வாரத்தை ஒட்டியும் டெல்டாவில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், அப்போது நிழல் காலடியிலேயே சுருண்டுவிடுவதால் முன்னறிவிப்பும் கிடைக்காது.

பழகிப் பார்க்க நான் தரங்கம்பாடியைச் சொல்வேன். டேனிஷ்காரர்கள் 1792ல் கட்டிய வெள்ளை நகர வாயில் அங்கே ஊரின் மேற்கு எல்லையில் இருக்கிறது, வண்டியும் ஆளும் அதன் வழியாகத்தான் போகின்றன, பின்னால் யாருடைய வீட்டுக்கூடமும் இல்லை. சாயங்காலம் ராஜ வீதிக்குள் வந்து மேற்கே திரும்பி, வாயிலுக்குப் பத்தடியில் தொடங்குங்கள். ஓரமாக நின்று, வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, பத்துப் பத்தடியாகப் பின்னால் போங்கள். ஒவ்வொரு இடத்திலும், வாயிலுக்கு அப்பால் குறுக்கே போகிற ஒரு ஆள் வளைவுக்குள் எத்தனை எட்டு வைக்கிறார் என்று எண்ணுங்கள். பின்னால் போகப் போக ஆள் பெரிதாவதும் எட்டு குறைவதும் தெரியும், இரண்டும் உங்களுக்குப் போதும் என்று படுகிற இடம் எதுவோ, எடுப்பதற்கு அதுதான் இடம்.