டேங்க் காலிதானே என்று நினைக்காதீர்கள்

வேலூரில் பைக் பட்டறை வைத்திருக்கிறேன். மே மாதம் வந்தால் போதும், "அண்ணே, வண்டி நின்ன இடத்துல பெட்ரோல் வாசனை வருது" என்று வாரத்துக்கு ஒருவராவது வந்து நிற்பார். காலையில் காட்பாடி ஸ்டேஷன் பக்கம் நிறுத்திவிட்டு ரயிலேறிப் போகிறவர்களின் வண்டிகள்தான் இதில் அதிகம். நாள் முழுக்க வெயிலில் கிடந்திருக்கும்.

முதலில் உங்கள் டேங்க் பிளாஸ்டிக்தானா என்று பாருங்கள். இப்போது பல பைக்குகளில் வெளியே தெரிவது பிளாஸ்டிக் கவர், உள்ளே இருப்பது இரும்பு டேங்க். கவரைக் கழற்றி ஒரு காந்தத்தை வைத்தால் தெரிந்துவிடும். நிஜமான பிளாஸ்டிக் டேங்க் பெரும்பாலும் கரடுமுரடான பாதையில் ஓட்டும் ஆஃப்ரோடு வண்டிகளிலும் சில ஸ்கூட்டர்களிலும் வருகிறது. அடுத்து, ஒழுகுவது டேங்க்தானா என்று பாருங்கள். பெட்ரோல் டேப்பின் ஓ-ரிங், காய்ந்து விறைத்துப்போன ஓஸ், பம்ப் உட்காரும் இடத்து ரப்பர் வளையம், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். வெளிப்பக்கத்தை நன்றாகத் துடைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி வையுங்கள். எங்கே முதலில் ஈரம் ஊறுகிறதோ அங்கேதான் கசிவு.

ஒரு கல்லூரிப் பையன் பழைய ஆஃப்ரோடு பைக் ஒன்றைக் கொண்டுவந்தான். ஜவ்வாது மலைப் பாதையில் கல்லில் சாய்ந்து, டேங்கை வண்டியோடு பிடிக்கும் போல்ட்டுக்குப் பக்கத்தில் விரிசல். அவன் மாமா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். அடிப்பாகம் ஒட்டுகிற பசையைக் கொடுத்திருக்கிறார். விரிசல் மேல் தடவி, ஒரு நாள் காயவைத்து, பெட்ரோலும் ஊற்றியாயிற்று. என்னிடம் வந்தபோது அந்தப் பசை ஜவ்வு மாதிரி ஆகியிருந்தது. நகத்தால் தள்ளினேன், பாலாடை போல முழுசாகச் சுருண்டு வந்தது. "ஷூவே பிய்யாதுண்ணே, இது ஏன் நிக்கல?" என்று கேட்டான்.

அந்தப் பசை, ரப்பரைக் கரைப்பானில் கரைத்துச் செய்தது. பெட்ரோல் பட்டால் மறுபடி இளகும். டேங்க்கும் லேசுப்பட்டதில்லை. பெரும்பாலான பிளாஸ்டிக் டேங்குகள் பாலிஎத்திலீன், நம் வீட்டுத் தண்ணீர்க் குடம், டிரம் செய்கிற அதே வகை. மெழுகு போன்ற அதன் மேற்பரப்பில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. பிசைந்து ஒட்டுகிற எபாக்சியும் கொஞ்ச நாளில் தகடாகப் பெயர்ந்து வரும்.

'பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், அதுதான் டேங்கை அரிக்கிறது' என்கிறார்கள். பாலிஎத்திலீனை எத்தனால் ஒன்றும் செய்யாது. நைலான் டேங்க் என்றால் வீங்கும். பழைய ரப்பர் பாகங்களும் கெடலாம்.

இனிமேல் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். நான் தொழில் கற்றுக்கொண்ட பட்டறையில், பெட்ரோலைக் கொட்டியாகிவிட்டது என்று ஒரு அண்ணன் காலி டேங்கில் சூடான சால்டரிங் அயர்னை வைத்தார். 'பக்'கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். முன்கை முழுக்கத் தோல் உரிந்துவிட்டது, புருவம் இல்லை. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் பற்றிக்கொள்ளும். அடியில் ஒட்டியிருக்கும் சில சொட்டுகளே அதற்குப் போதும். ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தவழ்ந்து போகும். மாடிப்படிக்கு அடியில் வண்டி, பக்கத்திலேயே வாசல் விளக்கு, கொசுவர்த்திச் சுருள், உள்ளே கேஸ் அடுப்பு, நம் தெருக்களில் பாதி வீடு இப்படித்தான் இருக்கிறது. ஒழுகுகிற வண்டியை ஒரு ராத்திரிகூட அங்கே நிறுத்தாதீர்கள்.

நடுவழியில் ஒழுகினால் குளியல் சோப்பை விரிசலில் அழுத்தித் தேயுங்கள். சோப்பு பெட்ரோலில் கரையாது. பட்டறை வரை வந்துசேரலாம், அதற்கு மேல் நம்பாதீர்கள்.

சின்ன விரிசல், அதுவும் மேல்பக்கம் என்றால் பிளாஸ்டிக் வெல்டிங் செய்யலாம். டேங்கைக் கழற்றி, சோப்புத் தண்ணீரால் பலமுறை அலசி, மூடியைத் திறந்து வெட்டவெளியில் பல நாள் காயவைக்க வேண்டும். அப்புறம் விரிசலுக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர் நிரப்பி, ஆவிக்கு இடமில்லாமல் செய்துவிட்டுத்தான் சூட்டைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். விரிசலின் இரண்டு நுனியிலும் சின்னத் துளை போட்டால் அது மேலும் ஓடாது. உருக்கி ஊற்றும் கம்பியும் அதே பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். சந்தேகமென்றால் இரண்டிலிருந்தும் ஒரு சீவலை எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். பாலிஎத்திலீன் மிதக்கும், நைலான் மூழ்கும். பாலிஎத்திலீனிலேயே, மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்த 'குறுக்குப் பிணைப்பு' வகை ஒன்று உண்டு. அதுவும் மிதக்கும், ஆனால் சூட்டில் உருகாமல் கருகும். அதை வெல்டிங் செய்ய முடியாது. இதையெல்லாம் பழகியவர் செய்யட்டும், வீட்டில் முயல வேண்டாம்.

போல்ட் பக்கமோ, இரண்டு பாதி சேரும் ஓரத்திலோ, அடிப்பக்கமோ விரிசல் விட்டால் நான் வெல்டிங் செய்வதில்லை. வண்டியின் அதிர்வில் மறுபடி விடும், கீழே சூடான இன்ஜின் இருக்கிறது. அந்தப் பையனிடமும் வேறு டேங்க் போடச் சொன்னேன். முகம் வாடிவிட்டது, பாவம். விலை அப்படி. மூன்று வாரம் காத்திருந்து வாங்கிப் போட்டான்.

பழைய டேங்க்கை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவி, மூடியைத் திறந்து பட்டறைப் பின்பக்கம் வெயிலில் போட்டிருந்தேன். பதினைந்து நாள் கழித்து மூடியைப் போட்டுவிட்டு, மதியம் சாப்பிட்டு வந்து திறந்தேன். உள்ளிருந்து பெட்ரோல் வாசனை குப்பென்று அடித்தது.