மாஸ்க் எப்படி 'மாக்ஸ்' ஆகிறது?

முகக்கவசத்தை 'மாக்ஸ்' என்று சொல்லும் மாமியாரைக் கொரோனா நாள்களில் திருத்தித் திருத்திக் களைத்துப்போனதாகவும், இப்போது இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகளும் பள்ளிக்கூட டெஸ்க்கை 'டெக்ஸ்' என்று சொல்லத் தொடங்கிவிட்டதாகவும் தேனிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அதே மாமியார் மதுரையை 'மருதை' என்றும் குதிரையைக் 'குருதை' என்றும்தான் சொல்வாராம். இது சோம்பலா, நாக்குக் கோளாறா, படிப்பின்மையா என்று கேட்டிருக்கிறார்; கேள்வியில் எரிச்சல் நன்றாகவே தெரிகிறது. மூன்றுமில்லை என்பது என் விடை. கோளாறு என்று ஒன்றைச் சுட்டியே ஆகவேண்டுமென்றால் காதைத்தான் சுட்டவேண்டும், அதுவும் எல்லோருடைய காதையும்.

முதலில் நாக்கை விடுவித்துவிடுவோம். 'மாக்ஸ்' என்பவர்கள் 'இஸ்கூல்' என்றும் 'பிஸ்கட்டு' என்றும் தடுமாறாமல் சொல்கிறார்கள். ஸகரத்துக்கு அடுத்துக் ககரம் வருவது அவர்கள் நாக்குக்குக் கடினமாக இருந்தால் அந்தச் சொற்களிலும் அல்லவா தடுக்கியிருக்க வேண்டும்? 'மருதை' என்பவருக்கு 'மாத்திரை'யும் 'துரை'யும் சரளமாகவே வருகின்றன. வாய்தவறுதல் என்பதும் வேறு வகை. அவசரத்தில் 'காப்பி டம்ளர்' என்பதை 'டாப்பி கம்ளர்' என்று சொல்லிவிட்டால், சொன்னவரே அடுத்த நொடியில் சிரித்துத் திருத்திக்கொள்கிறார். 'மருதை' என்று சொன்னவர் திருத்திக்கொள்வதில்லை. அவர் நினைவில் அந்த ஊரின் பெயரே அப்படித்தான் பதிந்திருக்கிறது. அப்படிப் பதிந்தது எப்படி என்பதுதான் விளக்கப்பட வேண்டிய செய்தி.

இயல்பாகப் பேசும்போது நாம் வினாடிக்குப் பத்துப் பதினைந்து ஒலிகளை உதிர்க்கிறோம், அதாவது ஓர் ஒலிக்கு ஏறத்தாழ 70 முதல் 100 மில்லிவினாடிதான் கிடைக்கிறது. இத்தனை விரைவாக வருவனவற்றைக் காது ஒவ்வொன்றாக வாங்கி, வந்த நேரத்தைக் குறித்து, வரிசையில் அடுக்குகிறது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் வாரனும் அவருடைய குழுவினரும் 1969-இல் இந்த நம்பிக்கையைக் கலைத்தார்கள். ஒரு சீறல், ஒரு ரீங்காரம், சீழ்க்கை போன்ற ஒரு சுரம், 'ஈ' என்ற ஓர் உயிரொலி ஆகியவற்றை ஒவ்வொன்றுக்கும் 200 மில்லிவினாடி கொடுத்துத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டார்கள். பேச்சொலியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நிதானமான ஓட்டம் அது. கேட்டவர்களுக்கு நான்கு ஒலிகளும் தெளிவாகவே கேட்டன. ஆனால் எதற்குப் பின் எது வந்தது என்று சொல்லச் சொன்னபோது குருட்டு ஊகத்துக்கு மேல் எதுவும் தேறவில்லை. அதே வேகத்தில் எண்களின் பெயர்களைச் சுழலவிட்டால் மட்டும் வரிசையைச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு வாரன் செய்த சோதனை இன்னும் அழகானது. இதை எத்தனை முறை பிறருக்குச் சொன்னாலும் எனக்குச் சலிப்பதில்லை. பதிவுசெய்த ஓர் ஆங்கில வாக்கியத்தில் 'லெஜிஸ்லேச்சர்ஸ்' என்ற சொல்லின் நடுவிலிருந்த ஸகரத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை ஒட்டினார். கேட்ட இருபது பேரில் பத்தொன்பது பேர் எந்த ஒலியும் குறையவில்லை என்றார்கள். மீதமிருந்த ஒருவரும் வேறோர் ஒலி குறைவதாகச் சொன்னார். இருமல் எந்த இடத்தில் விழுந்தது என்று காட்டச் சொன்னால் ஒருவராலும் சரியாகக் காட்ட முடியவில்லை. இல்லாத ஸகரத்தை மூளை தானே இட்டு நிரப்பிக்கொண்டது, இருந்த இருமலை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாக்கியத்தின்மீது மிதக்கவிட்டுவிட்டது. பழகிய சொல்லின் எழுத்து வரிசையை நாம் பெரும்பாலும் கேட்டு அறிவதில்லை என்பதற்கு இதைவிட எளிய சான்றை நான் கண்டதில்லை. சொல்லை அடையாளம் கண்டதும் அதன் வரிசையை நினைவு எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

பழக்கமில்லாத சொல்லுக்கு அப்படிக் கொடுக்க நினைவில் எதுவுமில்லை. அப்போது காது நம்பியிருப்பது ஒலிகளின் ஒட்டுவாயை. 'அத்' என்பதில் உயிரொலி தகரத்தை நோக்கி வளையும் விதமும், 'த' என்பதில் தகரத்திலிருந்து உயிரொலி விரியும் விதமும் வேறு வேறானவை. தையலைப் பார்த்து எந்தத் துணிமேல் எந்தத் துணி தைக்கப்பட்டது என்று சொல்வதைப் போல, இந்த வளைவுகளைக் கொண்டு காது முன்பின் அறிகிறது. ஒட்டுவாய் தெளிவாக இருக்கும்வரை குழப்பமில்லை. இரண்டு வகை ஒலிகளில் அது தெளிவாக இருப்பதில்லை.

முதல் வகை சீறல் ஒலி. ஸகரத்தின் ஆற்றல் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. உயிரொலிகளை அடையாளம் காட்டும் ஒத்ததிர்வுகளோ அதற்குக் கீழே இருக்கின்றன. அதிர்வெண்ணில் இப்படி விலகி நிற்பவற்றைக் காது இரண்டு தனித்தனி ஓடைகளாகப் பிரித்துவிடும் என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பிரெக்மன் 1971 முதல் தொடர்ந்து ஆராய்ந்து காட்டினார். ஒரே ஓடைக்குள் எது முன், எது பின் என்று காது சொல்லிவிடும். ஓர் ஓடையில் உள்ளதையும் மற்றோர் ஓடையில் உள்ளதையும் ஒப்பிட்டு முன்பின் சொல்லத் திணறும். கரகாட்டத்தில் தவிலும் ஒலிக்கிறது, ஆடுபவர் காலின் சலங்கையும் ஒலிக்கிறது. தவிலின் எந்த இரண்டு அடிகளுக்கு நடுவே சலங்கை குலுங்கியது என்று கூட்டத்தில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். 'மாஸ்க்' என்பதில் உள்ள ஸகரம் அந்தச் சலங்கை. ஈற்றுக் ககரமோ வாய்க்குள்ளேயே அடங்கிவிடும் மெலிந்த ஒலி. பாக்ஸ், டாக்ஸி, ஜெராக்ஸ் என்று ககரம் முந்தும் சொற்களே காதில் அதிகம் விழுந்து பழகியிருப்பதால், ஐயம் வரும்போது மூளை அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இரண்டாவது வகை ரகரமும் அதன் உறவுகளும். ரகரத்தை ஒலிக்க நாக்கின் நுனி ஒரே ஒரு முறை, 20 அல்லது 30 மில்லிவினாடிக்குள், மேலண்ணத்தைத் தட்டிவிட்டுத் திரும்புகிறது. ஆனால் அந்தத் தட்டலுக்காக நாக்கு முன்னதாகவே தயாராகத் தொடங்கிவிடுவதால், ரகரத்தின் சாயல் அண்டை உயிரொலிகளிலும் படிகிறது. நனைந்த துணியின் சாயம் பக்கத்துத் துணியில் இறங்குவதைப் போல. இந்தச் சொல்லில் ஒரு ரகரம் இருக்கிறது என்று காதுக்கு உறுதியாகத் தெரியும். முதல் உயிரை ஒட்டியா, இரண்டாவதை ஒட்டியா என்பதில்தான் தடுமாற்றம். மருதம், எருது, விருது, குருதி என்ற சொற்கள் பழகிய காதுக்கு 'மருதை'யும் 'குருதை'யும் இயல்பான தீர்ப்புகளே.

இனி நாம் பிழையென்று கருதாத சில சொற்களைப் பார்க்கலாம். வைசாகி என்பதிலிருந்து வந்ததே வைகாசி. தசை என்பது சதை ஆனது, சிவிறி என்பது விசிறி ஆனது. மூன்றிலும் இன்று நாம் சீறலாக ஒலிக்கும் சகரம் இடம்பெயர்ந்திருப்பதைக் கவனியுங்கள். எழுத்து நிலைமாறிய சொற்களுக்குப் பள்ளி இலக்கணம் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் இவை சில. மனப்பாடம் செய்த நாளில் அந்தப் பட்டியலுக்குள் ஓர் ஒலியியல் உண்மை ஒளிந்திருப்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வண்டைக் குறிக்கும் ஞிமிறு என்பது மிஞிறு ஆனது மட்டும் சீறலிலும் சேராது, ரகரத்திலும் சேராது. அங்கே இடம்மாறியவை இரண்டுமே மூக்கொலிகள், ஒன்றுக்கொன்று சாயல் மிகுந்தவை.

இது தமிழுக்கு மட்டும் உரிய பழக்கமன்று. இலத்தீனின் மிராகுலும், பராபொலா, பெரிகுலும் ஆகிய மூன்று சொற்கள் ஸ்பானிய மொழியில் மிலாக்ரோ, பலாப்ரா, பெலிக்ரோ என்று ரகரமும் லகரமும் இடம்மாறி நிலைத்துவிட்டன. ஆங்கிலத்தில் 'ஆஸ்க்' என்பதை 'ஆக்ஸ்' என்று சொல்பவர்களைப் படிப்பற்றவர்கள் என்று அமெரிக்காவில் இன்றும் ஏளனம் செய்கிறார்கள். 1535-இல் அச்சான கவர்டேல் விவிலியத்தில் 'கேளுங்கள், தரப்படும்' என்ற வாக்கியம் அந்த 'ஆக்ஸ்' வடிவத்தில்தான் இருக்கிறது. நம் அண்டை வீட்டிலோ இடமாற்றம் ஓர் ஒழுங்காகவே நடந்திருக்கிறது. தமிழின் உரல் தெலுங்கில் ரோலு, உள் என்பது லோ, இளம் என்பதற்கு இணையானது லேத. உயிரும் மெய்யும் இடம்மாறிய இந்த மாற்றம் பல நூற்றாண்டுகளில் ஒவ்வொரு சொல்லாகப் பரவியதை மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1978-இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார். தெலுங்கு பேசுபவர்களிடம் போய் 'ரோலு' பிழை என்று யாரும் சொல்வதில்லை.

ஒருவர் தவறாகப் பிரித்துணர்ந்ததோடு இது முடிந்துவிடாது. குழந்தை தான் கேட்டதாகக் கருதும் வரிசையில் சொல்லைச் சேமித்துக்கொள்கிறது, பிறகு அதையே திருத்தமாக உச்சரிக்கிறது, அடுத்த தலைமுறை அதைச் சரியாகவே கேட்டுக் கற்கிறது. மொழி மாற்றத்தின் ஊற்று கேட்பவரிடம் இருக்கிறது என்று ஒலியியலாளர் ஜான் ஒஹாலா 1981-இல் வாதிட்டது இதைத்தான். எழுத்து பரவிய பிறகு இந்தச் சங்கிலி பெரும்பாலும் அறுந்துவிடுகிறது, ஏனென்றால் ஐயம் வந்தால் பார்த்துத் தெளிய அச்சு வடிவம் இருக்கிறது. ஆகவேதான் 'மருதை' இன்று முதியவர்கள் வாயிலும் சிற்றூர்களிலும் தங்கியிருக்கிறது, நமக்கும் அது கல்லாமையின் அடையாளமாகத் தோன்றி எரிச்சலூட்டுகிறது. நாமோ வைகாசியில் திருமணம் வைத்து விசிறியால் வீசிக்கொள்கிறோம்.

பவணந்தியார் இந்த இடத்தில் நம்மைவிடப் பெருந்தன்மையானவர். நன்னூல் இயல்பு வழக்கை இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ என்று மூன்றாக வகுத்து, 'இல்முன்' முன்றில் ஆனதற்கும் உரிய நாற்காலி போட்டுக் கொடுத்தது. அதற்குப் பின்வந்த நமக்கு இந்த மாற்றங்களை அளந்து பார்க்கும் கருவிகள் உண்டு, மனம்தான் இல்லை. ஊர்ப்பேச்சைத் தலைமுறைவாரியாகப் பதிவுசெய்து ஆராய ஒரு நல்ல ஒலிவாங்கியும் சில மாணவர்களின் ஓராண்டு உதவித்தொகையும் போதும். தமிழின் தொன்மையைப் பறைசாற்றும் ஒரு விழாப் பந்தலின் செலவைவிட அது குறைவு என்பது என் கணிப்பு. முதியவர்கள் மறைய மறைய அந்தத் தரவும் மறைந்துகொண்டிருக்கிறது.

வாசகர் தம் மகளின் நாக்கில் வசம்பு தேய்க்கலாமா என்றும் கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாம். சொல் வரிசைக்கும் வசம்புக்கும் தொடர்பில்லை என்பது ஒருபுறமிருக்க, அதிலுள்ள ஆசரோன் என்ற வேதிப்பொருளை முன்னிட்டு அமெரிக்கா 1968-இலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடைவிதித்துவிட்டது. மகளுக்கு அந்தச் சொல்லை எழுதிக் காட்டி, 'டெஸ்' என்று நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, 'க்' என்று தனியே சொல்லிக் காட்டினால் போதும். சீறலுக்கும் ககரத்துக்கும் நடுவே இடைவெளி கிடைத்தவுடன் அவள் காது தானே வரிசையைப் பிடித்துக்கொள்ளும்.

மாமியாரை அவர் போக்கில் விட்டுவிடலாம். மதுரை என்ற பெயரை மருதை என்பதிலிருந்தே விளக்குவோரும் உண்டு. அழகர்மலையின் தமிழி (தமிழ்-பிராமி) கல்வெட்டோ 'மதிரை' என்கிறது, முதலாம் பராந்தக சோழனும் 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்றுதான் தன்னைப் பொறித்துக்கொண்டான்.