மியூட்டேஷன்: சடுதி மாற்றமா, பிறழ்வா?

ஓசூர்ப் பக்கம் ‘மியூட்டேஷன்’ என்றதும் சிலருக்கு நிலம்தான் நினைவுக்கு வரும். எல்லை தாண்டி ஆனேக்கல்லில் நிலம் வைத்திருப்பவர்கள் கர்நாடக வருவாய்த் துறையில் கேட்டுப் பழகிய சொல் அது. இந்தப் பக்கம் நாம் பட்டா மாறுதல் என்போம். அங்கே கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் காவேரிப்பட்டணத்து மாமா, மகனின் பரிசோதனை அறிக்கையை நீட்டி, “ஜெர்ம்லைன் மியூட்டேஷன் என்று போட்டிருக்கிறது மாப்பிள்ளை. குடலில் வந்த கட்டிக்கும் பட்டாவுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார்.

சம்பந்தம் இருக்கிறது. இரண்டுக்கும் வேர், மாற்றுவதைக் குறிக்கும் ‘முட்டாரே’ என்ற லத்தீன் வினை. மரபியலில் அதை ஊன்றியவர் நெதர்லாந்துத் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ். தாய்ச்செடியைப் போலில்லாத புதுவகைச் செடிகள் திடீரென்று முளைப்பதைக் கண்டு, 1901இல் வெளிவரத் தொடங்கிய நூலில் அதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார். நம் பாடநூல்களின் ‘சடுதி மாற்றம்’ அந்தத் திடீர்த்தன்மையைப் பிடித்துக்கொண்ட சொல்.

செடிக்கு அது பொருந்தலாம். மாமா வீட்டில் சடுதியாக எதுவும் நடக்கவில்லை. அத்தை கருப்பைப் புற்றில் போனார். அவருடைய அண்ணனுக்குப் பெருங்குடலில் வந்தது. இப்போது மகனுக்கு, 38 வயதில். முதலில் ரத்தம் போனபோது, வழக்கம்போல, மூலம் என்றே நினைத்தார்கள்.

குடலும் கருப்பையும் ஒரே குடும்பத்தில் இப்படிச் சேர்ந்து வருவதை அமெரிக்காவின் மிச்சிகனில் நோயியல் மருத்துவர் ஆல்ட்ரெட் வார்தின் 1895இலேயே கவனிக்கத் தொடங்கினார். அவர் வீட்டுத் தையற்காரப் பெண், தன் உறவினர் பலர் இவ்வகைப் புற்றுகளில் இறந்ததாகவும் தானும் அப்படித்தான் சாகப் போவதாகவும் அவரிடம் சொன்னார், அப்படியே ஆயிற்று. அந்தக் குடும்பத்தைப் பற்றி வார்தின் 1913இல் எழுதினார். பின்னர் இத்தகைய குடும்பங்களை ஆராய்ந்த ஹென்றி லிஞ்சின் பெயரால் இன்று இது லிஞ்ச் நோய்க்குறித் தொகுதி எனப்படுகிறது.

இலங்கைப் பாடநூல்களில் மியூட்டேஷனுக்கு ‘விகாரம்’ என்று பெயர். அழகில்லாத சொல் என்று முகம் சுளிக்க வேண்டாம். நம் புணர்ச்சி இலக்கணத்தின் சொல் அது. தோன்றல், திரிதல், கெடுதல் என விகாரம் மூன்று. வாழைப்பழத்தில் ஓர் எழுத்து தோன்றியது, பொற்குடத்தில் திரிந்தது, மரவேரில் கெட்டது. டிஎன்ஏவின் நான்கெழுத்து வரியிலும் எழுத்து நுழையலாம், மாறலாம், விழலாம். இத்தனை கச்சிதமான உவமையை எந்தக் கலைச்சொல் குழுவும் உட்கார்ந்து யோசித்து உண்டாக்கியிருக்க முடியாது. ஆனாலும் ஒரு நோயாளியின் கையில் ‘விகாரம்’ என்று எழுதிக் கொடுக்க எனக்கு மனம் வராது. நெறியிலிருந்து விலகுவதைச் சொல்லும் ‘பிறழ்வு’ போதும்; அதில் வேகமும் இல்லை, அருவருப்பும் இல்லை.

லிஞ்சில் பிறழ்வது மெய்ப்புப் பார்க்கும் மரபணு. உயிரணு பிரியும்போது டிஎன்ஏவைப் படியெடுப்பதில் நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்துவது எம்எல்எச்1, எம்எஸ்எச்2 போன்ற மரபணுக்களின் வேலை. திருத்துபவரே இல்லாவிட்டால் பிழைகள் குவிந்துகொண்டே போகும்.

இனி அந்த ‘ஜெர்ம்லைன்’. மாந்தோப்புக்காரரான மாமாவுக்கு மாவைக் கொண்டே சொன்னேன். ஒரு கிளையில் மட்டும் காய் மாறினால் அது அந்தக் கிளையோடு நிற்கும். மாற்றம் கொட்டையிலேயே இருந்தால் முளைத்து வரும் மரத்தின் ஒவ்வோர் இலையிலும் இருக்கும். பெரும்பாலான குடல் புற்றுகள் முதல் வகை: வாழ்நாளில் குடலின் உயிரணுவில் நேர்ந்த பிறழ்வுகள். மாமா மகனுடையது இரண்டாம் வகை. எனவே ‘வழிவந்த மரபணுப் பிறழ்வு’ என்பேன். ‘பரம்பரை வியாதி’ வேண்டாம். வழிவருவது பிறழ்வுதான், நோயல்ல. பிறழ்வு உள்ள எல்லோருக்கும் புற்று வந்துவிடுவதில்லை.

“சொந்தத்தில் கட்டியதால்தானே?” என்றார் மாமா. அத்தை அவருடைய அக்காள் மகள். இல்லை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருவரிடமிருந்தும் வந்தால் சிறு வயதிலேயே கடுமையாகும் வேறொரு நிலை உண்டு; இது அதுவல்ல. மகளும் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்றேன். எம்எல்எச்1, எம்எஸ்எச்2 மரபணுக்களில் பிறழ்வு இருந்தால் 20 முதல் 25 வயதுக்குள் தொடங்கி ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை குடல் உள்நோக்கிப் பரிசோதனை (கொலோனோஸ்கோபி) செய்யச் சொல்கிறார்கள். அவளுக்கு வயது 34.

அறிக்கையின் ஓரத்தில் அந்த மூன்று சொற்களை எழுதிக் கொடுத்தேன். மாமா எழுத்துக்கூட்டிப் படித்தார். “யார் வழி என்று கடைசிவரை உன் அத்தைக்கே தெரியாது” என்றார். பிறகு மகளுக்குப் போன் போட்டார்.