தவளையின் தோலும் பழைய கண்ணாடித் தொட்டியும்

காரைக்குடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நெடுநாள் வளர்த்த மரத்தவளை இறந்துவிட்டது. அதன் கண்ணாடித் தொட்டியைப் பிரித்துச் சோப்புப் போட்டுக் கழுவி, வேறொரு தவளையை விடலாமா?" தாராளமாக விடலாம். ஆனால் சோப்பு வேண்டாம். அதற்குக் காரணம் தவளையின் தோல்.

தவளை நம்மைப் போல வாயால் நீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் இரத்த நாளங்கள் அடர்ந்த மெல்லிய தோலை ஈரத்தில் பதித்து உட்கார்ந்து, சவ்வூடுபரவல் மூலம் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. இப்படி நன்னீர் புகுந்துகொண்டே இருந்தால் உடலின் உப்பு நீர்த்துப்போகும் அல்லவா? அதை ஈடுகட்டவே தோல் ஓயாமல் உழைக்கிறது. வெளிப்பக்கத்திலுள்ள நுண்ணிய வாயில்கள் வழியே சோடியம் அயனிகள் தோலின் உயிரணுக்களுக்குள் நுழைகின்றன; உட்பக்கத்திலுள்ள சோடியம்–பொட்டாசியம் பம்பு ஆற்றலைச் செலவிட்டு அவற்றை உடலுக்குள் தள்ளுகிறது. நேர்மின்னூட்டம் ஒரே திசையில் நகர்வதால், தோலின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிடப் பல மில்லிவோல்ட் கூடுதலான மின்னழுத்தம் பெறுகிறது. டென்மார்க்கின் உடலியல் அறிஞர் ஹான்ஸ் உஸ்ஸிங், இரண்டு அறைகளுக்கு நடுவே தவளைத் தோலைப் பொருத்தி, இருபுறமும் ஒரே உப்புக் கரைசலை நிரப்பி, அந்த மின்னழுத்தத்தை வெளிச்சுற்றின் மூலம் சுழியமாக்கினார். அப்போதும் மின்னோட்டம் நிற்கவில்லை; அதன் அளவு, தோலைக் கடந்த சோடியத்தின் அளவோடு பொருந்தியது. 1951-இல் வெளியான இந்த முடிவு, மின்வேதியியலுக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றைக் கொண்ட காரைக்குடியில் இன்னும் அதிகம் பேசப்பட வேண்டியது என்பது என் எண்ணம்.

தவளைத் தோலில் மின்னோட்டத்தை அளந்து யாருக்கு என்ன லாபம் என்று நிதி ஒதுக்குபவர்கள் கேட்கக்கூடும். 1999-இல் பெயரிடப்பட்ட ஒரு சைட்ரிட் பூஞ்சை உலகெங்கும் தவளைகளைக் கொன்றுவந்தபோது, தோலில் மட்டும் வளரும் ஒன்று எப்படி உயிரைப் பறிக்கிறது என்பது புதிராகவே இருந்தது. அது தோலின் அயனிக் கடத்தலைக் குலைத்து, இரத்தத்தில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் குறைத்து, இதயத்தை நிறுத்துகிறது என்று 2009-இல் விளங்கியதற்கு, அந்தப் 'பயனற்ற' அளவீடுகளே அடித்தளம்.

ஆகவே தொட்டியில் தங்கும் எதுவும் புதிய தவளையின் இரத்தத்துக்குள் போகக்கூடியதே. முதலில் கையுறை அணிந்து, தேங்காய்நார்த் தூள், பாசி, அடியிலுள்ள சரளை அனைத்தையும் அகற்றுங்கள். அடியில் அழுகிய முட்டை வாடை வந்தால், காற்றில்லாத சேற்றில் பாக்டீரியா உண்டாக்கிய ஹைட்ரஜன் சல்பைடு அது. கண்ணாடியிலுள்ள வெண்படலம் நம் பக்கத்து ஆழ்குழாய்க் கிணற்று நீரின் கால்சியம் கார்பனேட், வினிகரில் கரையும். வினிகரை முழுதாகக் கழுவிய பிறகே பிளீச்சைத் தொட வேண்டும், ஏனெனில் இரண்டும் சேர்ந்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும். இதையெல்லாம் வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், ஆத்தங்குடித் தரைக்கல் மீது செய்யாதீர்கள். அது சிமெண்டால் ஆனது, அமிலம் அதை அரித்துவிடும்.

வீட்டு உபயோகப் பிளீச் ஒரு பங்குக்கு நீர் ஒன்பது பங்கு சேர்த்துக் கண்ணாடியில் பத்து நிமிடம் ஊறவிடலாம். கழிவு ஒட்டியிருந்தால் குளோரின் அதோடு வினைபுரிந்து வீணாகிவிடும். அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமைனாகவும் மாறும். பலமுறை அலசிய பின், மீன் தொட்டிக் கடைகளில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட் கலந்த நீரால் ஒருமுறை கழுவினால் எஞ்சிய குளோரினும் நீங்கும். பிறகு வெயிலில் வையுங்கள். சைட்ரிட் பூஞ்சை உலர்ச்சியைத் தாங்காது. 37 டிகிரி செல்சியஸில் சில மணி நேரத்தில் மடிகிறது. இந்த ஒரு விஷயத்தில் சித்திரை வெயில் நமக்குச் சாதகம்.

நுண்துளைகள் நிறைந்த பழைய மரக்கட்டைகள் பிளீச்சை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், அவற்றைக் கழித்துவிடுவதே நல்லது. எடுத்த மண்ணையும் கழுவிய நீரையும் ஊரணியிலோ கண்மாயிலோ கொட்டக் கூடாது, அங்கே நம் ஊர்த் தவளைகள் வாழ்கின்றன. மண்ணைப் பையில் இறுகக் கட்டிச் சில நாள் வெயிலில் போட்டுவைத்து, பிறகு குப்பை வண்டியில் சேருங்கள்.