கன்னப் புற்று ஏன் சாவின் கட்டளையை ஏற்பதில்லை?

டான்சிலில் வரும் புற்று சிகிச்சைக்குக் கட்டுப்படும் அளவுக்குக் கன்னத்தில் வரும் புற்று கட்டுப்படாதது ஏன், இரண்டும் ஒரே வாய்க்குள்தானே இருக்கின்றன என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இரண்டுக்கும் நடுவே சில விரற்கடைத் தூரமே உண்டு. ஆனால் நோய் எதிர்ப்பு மண்டலம் அவற்றை ஒன்றாகப் பார்ப்பதில்லை.

டான்சிலிலும் அடிநாக்கிலும் வரும் புற்றுகளில் கணிசமானவை மனித பாப்பிலோமா வைரஸால் உண்டாகின்றன. ஈ6, ஈ7 என்னும் வைரஸ் புரதங்கள் இல்லாமல் அந்தப் புற்றுச் செல்லால் வாழ முடியாது. அவை உடலுக்கு அந்நியமானவை என்பதால், நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கொல்லும் படையான டி செல்கள் எளிதில் அடையாளம் காண்கின்றன. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், தொண்டைப் பகுதிப் புற்றுள்ளோரில் வைரஸ் காரணமாக இருந்தவர்களில் 82 விழுக்காட்டினரும், மற்றவர்களில் 57 விழுக்காட்டினரும் மூன்றாண்டுகள் கடந்து உயிரோடிருந்தனர்.

புகையிலையைக் கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் இடையில் அடக்கி வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு, அடக்கிய அந்த இடத்திலேயே பெரும்பாலும் புற்று எழுகிறது. இங்கே பெரும்பாலும் வைரஸ் காரணமில்லை. சற்றே திரிந்த சொந்தப் புரதங்கள்தாம் அடையாளம். அப்படியும் டி செல்கள் வந்து சேரத்தான் செய்கின்றன. அவை கொல்லும் வழிகளில் ஒன்று வியக்கத்தக்கது. டி செல் தன் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தால் புற்றுச் செல்லின் ஃபாஸ் என்னும் ஏற்பியைத் தொடுகிறது, அவ்வளவுதான். உடனே செல்லின் உட்புறத்தில், அந்த ஏற்பியின் அடியில், காஸ்பேஸ்-8 என்னும் நொதியின் மூலக்கூறுகள் திரள்கின்றன. தனித்திருக்கும்போது அவை ஏறக்குறைய செயலற்றவை. நெருங்கி இணை சேர்ந்ததும் ஒன்றையொன்று வெட்டி விழித்தெழுகின்றன. பிறகு காஸ்பேஸ்-3 முடுக்கப்பட, செல்லின் சட்டகம் அறுபட்டு, டிஎன்ஏ துண்டாகி, செல் சிறு பொட்டலங்களாக உடைந்து விழுங்கப்படுகிறது. வெளியிலிருந்து வந்தது ஒரு தொடுகை மட்டுமே. சாவதற்கான கருவிகள் எல்லாம் செல்லிடமே இருந்தன.

இந்தக் காஸ்பேஸ்-8க்கான மரபணுதான் கன்னப் புற்றில் அடிக்கடி பழுதாகியிருக்கிறது என்பதை, மேற்கு வங்கத்தின் கல்யாணியிலும் நவி மும்பையிலும் உள்ள ஆய்வாளர்கள் ஈறு-கன்னப் புற்றுகளின் மரபணுக்களை வரிசைப்படுத்தி 2013இல் காட்டினார்கள். டி செல்கள் அங்கே ஓயாது தாக்கியதற்கான தடயமாகவே இதை நான் பார்க்கிறேன்: கட்டளையைக் கேட்ட செல்கள் மடிந்தன, கேட்க முடியாதவை பெருகின.

டி செல்கள்மேல் விழுந்த தடையை நீக்கி அவற்றைத் தாக்கவிடும் நிவோலுமாப் மருந்து வழக்கமாக 240 மில்லிகிராம் அளவில் தரப்படுகிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையினர், முற்றிய தலை-கழுத்துப் புற்றுக்கு வாய்வழி மருந்துகளோடு வெறும் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்து, ஓராண்டு உயிர்வாழ்வு 16இலிருந்து 43 விழுக்காடாக உயர்ந்ததை 2022இல் வெளியிட்டார்கள். குறைந்த அளவே போதும் என்று நிறுவ எந்த மருந்து நிறுவனமும் பணம் போடாது. அரசுதான் போட வேண்டும். அடுத்த ஆய்வுகளில் கன்னம், நாக்கு, டான்சில் என்று நோயாளிகளைப் பிரித்து, காஸ்பேஸ்-8 பழுதானவர்களுக்கு இம்மருந்து எவ்வளவு உதவுகிறது என்பதையும் தனியே கணக்கிட வேண்டும்.